பழி ஒருவன் மேல், பாரம் இன்னொருவன் மேல்: கிராமத்துக் குற்றக்கதை எழுதுவது எப்படி

கொலை செய்தவன் யாரென்று வாசகருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஊருக்கு மட்டும் தெரியக் கூடாது. பழி சுமந்தவனின் மனைவி குழாயடியில் யாரும் பேசாமல் தனியாக நிற்பதைக் கொலைகாரன் தினமும் பார்த்துக்கொண்டே கடந்து போக வேண்டும், எனக்குத் தெரிந்து பதற்றம் அங்கேதான் பிறக்கிறது.

சரி, சட்டம். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, ஆனால் அதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதற்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். நிரபராதியை அடித்து "அரிவாளைக் கிணற்றில் போட்டேன்" என்று சொல்லவைத்து, ஏற்கெனவே போட்டுவைத்த அரிவாளைச் சாட்சிகள் முன்னால் எடுக்கும் காட்சியை இந்த ஓட்டைக்குள் வையுங்கள்.

ஊர் ஏன் அவனை உடனே சந்தேகப்பட்டது என்பதையும் எழுதுங்கள். கதை வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தால் 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை விடவே முடியாது, பிறப்பை வைத்தே மனிதனைக் குற்றவாளி என்ற சட்டம் அது. அந்தச் சட்டப்படி எடுத்த கைரேகைப் பதிவை எதிர்த்த, மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்களை 1920இல் போலீஸ் சுட்டது.

அப்புறம் குற்றவுணர்ச்சி. அழுகை வேண்டாம். இரவில் பழி சுமந்தவன் வீட்டுத் திண்ணையில் யாரோ அரிசி மூட்டை வைத்துவிட்டுப் போகிறார்கள், காலையில் அவன் மனைவி அதைத் தொடாமல் பார்க்கிறாள்.