பன்னிரண்டு சனிக்கிழமைகள்: கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் சீசனைப் பார்க்கும் முறை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள், திரையில் எந்த ஆட்டம் கண்ணில் படுகிறதோ அதைப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று வாரங்களில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். எஃப்பிஎஸ் எனப்படும் உயர்மட்டப் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுவதால், அப்படிப் பார்ப்பவருக்கு எந்த வெற்றி பெரிது, எந்தத் தோல்வி பொருட்படுத்தத் தக்கது என்பது பிடிபடாது. ஒரே ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து, ஆகஸ்ட் கடைசியிலிருந்து அதன் பின்னாலேயே போவதுதான் சரியான வழி.

என்னைக் கேட்டால், ஆண்டுதோறும் பட்டத்தைக் குறிவைக்கும் பெரிய அணியை விட, ஆறேழு வெற்றிகளுக்கே தத்தளிக்கும் நடுத்தர அணிதான் தொடக்கநிலைப் பார்வையாளருக்கு ஏற்றது. வழக்கமான சீசனில் ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள். அவற்றில் ஆறை வென்றால்தான், பொதுவாக, வழக்கமான சீசன் முடிந்தபின் டிசம்பரில் தொடங்கும், பௌல் எனப்படும் கூடுதல் ஆட்டங்களில் ஒன்றுக்கு அது தகுதி பெறும். நவம்பர் நடுவில் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி என்று நிற்கும் அணியின் ஆட்டத்தில் இருக்கும் பதற்றம், பத்தையும் வென்றுவிட்ட அணி பலவீனமான எதிரியைப் பந்தாடும் ஆட்டத்தில் இருக்காது.

அணி முடிவானதும் அதன் அட்டவணையை அச்செடுத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆட்டம் சொந்த மைதானத்திலா வெளியிலா, அது கான்ஃபரன்ஸ் (அணி சேர்ந்திருக்கும் குழு) ஆட்டமா, எதிரணிக்கு அதற்கு முந்தைய வாரம் ஓய்வா. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் இரண்டு வாரம் தயாரித்துவரும் அணியை, முந்தைய சனிக்கிழமை அடிபட்டு வந்த அணி எதிர்கொள்வது தனிச் சிக்கல். கான்ஃபரன்ஸ் விவரமும் முக்கியம். பிக் டென் என்ற கான்ஃபரன்ஸின் பெயரில் ‘பத்து’ இருந்தாலும் 2024 முதல் அதில் 18 அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள்தான் என்பதால், ஒரே குழுவில் இருந்தும் பல அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஆகவே இரண்டு அணிகள் ஒரே வெற்றிக் கணக்கில் நின்றாலும், யாரை வென்று அங்கே வந்தன என்று பார்க்காமல் அவற்றைச் சமமாக எடுத்துக்கொள்ள முடியாது.

செப்டம்பர் ஆட்டங்களை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்துச் சிறிய அணிகளைத் தங்கள் மைதானத்துக்கு வரவழைத்து ஆடும் காலம் அது. அங்கே ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் வெல்வது எதையும் நிரூபிப்பதில்லை. (வரவழைக்கப்பட்டவர்களும் சில நேரம் வெல்வதுண்டு. 2007இல் தேசிய அளவில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை, ஒரு படி கீழான பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் 34–32 என்று அதன் மைதானத்திலேயே வீழ்த்தியது.)

விதிகள் அனைத்தையும் முதலிலேயே கற்க வேண்டியதில்லை. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும் (இல்லையேல் பந்து எதிரணிக்குப் போகும்), பந்தை எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் (மைதானத்தின் கடைசிப் பத்து கெஜப் பகுதி) கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு ஆறு புள்ளி, கம்பங்களுக்கு இடையே பந்தை உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு மூன்று என்பது தெரிந்தால் போதும். ஆனால் நான்காவது முயற்சியை மட்டும் ஊன்றிக் கவனியுங்கள், ஏனென்றால் பயிற்சியாளரின் மனம் வெளிப்படும் இடம் அது. பந்து எதிரணியின் 38 கெஜக் கோட்டில் (எண்ட் ஸோனுக்கு 38 கெஜம் முன்) இருக்கிறது, இன்னும் இரண்டு கெஜம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஃபீல்டு கோல் அடிக்கலாம் என்றால், கம்பம் எண்ட் ஸோனின் பின்கோட்டில் இருப்பதால் பத்து கெஜமும், உதைப்பதற்காகப் பந்தைப் பின்னால் எறிவதால் ஏழு கெஜமும் சேர்ந்து அது 55 கெஜ உதையாகிவிடும். கல்லூரி உதைவீரருக்கு அது கடினம். பந்தை எதிரணிக்கு உதைத்துத் தள்ளினால் பெரும்பாலும் இருபது, முப்பது கெஜம்தான் கிடைக்கும். எனவே துணிந்து ஓடிப் பார்ப்பதே பல நேரம் சரியான கணக்கு. உங்கள் அணியின் பயிற்சியாளர் அக்டோபரில் இந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று குறித்துவைத்தால், நவம்பரில் அவர் என்ன செய்வார் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

நீண்ட உதை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2013இல் நடந்த அலபாமா, ஆபர்ன் ஆட்டம் உதாரணம். 28–28 என்ற சமநிலையில், கடிகாரத்தில் ஒரே ஒரு வினாடி மீதமிருக்க, அதுவரை தோற்காமல் முதலிடத்தில் இருந்த அலபாமா 57 கெஜ உதைக்கு முயன்றது. குறைந்துபோன பந்தை எண்ட் ஸோனுக்குள்ளேயே பிடித்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ், மைதானம் முழுவதையும் ஓடிக் கடந்து டச்டவுன் எடுத்தார். அலபாமாவின் பட்டக் கனவு அந்த ஓட்டத்தோடு முடிந்தது.

தரவரிசையைப் பொறுத்தவரை, செய்தியாளர்கள் வாக்களிக்கும் ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) பட்டியல் 1936 முதல் வருகிறது; சீசனுக்கு முன் வெளியாகும் அதன் முதல் பட்டியல் பெயர்களைப் பழகிக்கொள்ள மட்டுமே உதவும். பட்டத்தைத் தீர்மானிக்கும் இறுதிக் கட்டமான ப்ளேஆஃபுக்கு அணிகளைத் தேர்வு செய்வது தனிக்குழு. சீசனின் கடைசி வாரங்களில் வெளியாகும் அதன் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். நான்கு அணிகளுக்கு மட்டுமே இடமிருந்த 2023இல், 13 ஆட்டங்களையும் வென்று தன் கான்ஃபரன்ஸ் பட்டத்தையும் கைப்பற்றிய ஃப்ளோரிடா ஸ்டேட் வெளியே நிறுத்தப்பட்டது. அதன் முதன்மைக் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) காயமடைந்ததைக் குழு காரணமாகச் சொன்னது. அடுத்த ஆண்டே இடங்கள் 12 ஆக உயர்ந்தன. அந்த 2024 சீசனின் கடைசி வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட், முதல் 25இல்கூட இல்லாத மிச்சிகனிடம் சொந்த மைதானத்தில் 13–10 என்று தோற்றது. வென்றவர்கள் நடுமைதானத்தில் தங்கள் கொடியை நட முயன்றதால் கைகலப்பே மூண்டது. அது ஒஹாயோ ஸ்டேட்டுக்கு அந்த சீசனின் இரண்டாவது தோல்வி; பழைய முறையில் இரண்டு தோல்விகளோடு அதற்கு வாய்ப்பே இருந்திருக்காது. புதிய முறையில் எட்டாம் இடத்தில் நுழைந்த அந்த அணி, டென்னசி, ஓரிகன், டெக்ஸாஸ், நோட்டர் டேம் என்று நான்கு அணிகளை அடுத்தடுத்து வென்று பட்டத்தை எடுத்தது. ஆகவே உங்கள் அணி தோற்ற அன்று, எதிரணி யார், இன்னும் எத்தனை ஆட்டம் மீதமிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நவம்பரில் இன்னொன்றையும் கவனிக்கலாம். 2018இல் வந்த விதிப்படி, ஒரு மாணவர் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் கல்லூரி அணியில் ஆடத் தனக்குள்ள தகுதிக் காலத்தில் ஓர் ஆண்டை இழக்க வேண்டியதில்லை. அதனால் அதுவரை பெஞ்சிலேயே இருந்த முதலாண்டு மாணவர்கள் கடைசி வாரங்களில் திடீரென்று களத்தில் தோன்றுவார்கள். அடுத்த ஆண்டு அணி எப்படி இருக்கும் என்பதன் முன்னோட்டம் அங்கேதான் கிடைக்கும்.

பௌல் ஆட்டத்தின் முடிவை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்எஃப்எல் எனப்படும் தொழில்முறை லீக்கின் தேர்வுக்குத் தயாராகும் நட்சத்திர வீரர்கள் காயத்துக்கு அஞ்சி விலகிக்கொள்வதும், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற முடிவு செய்தவர்கள் முன்பே கிளம்பிவிடுவதும் இப்போது சாதாரணம் என்பதால், டிசம்பர் இறுதியில் களமிறங்குவது பெரும்பாலும் அக்டோபரில் நீங்கள் பார்த்த அணியாக இருக்காது. யார் போனார்கள், யார் வந்தார்கள் என்ற பட்டியலை ஜனவரியில் ஒருமுறையும், கோடைக்கு முன் ஒருமுறையும் பார்த்துவிட்டு, புதிய அட்டவணையை அச்செடுங்கள்.