மலையாளத்தில் தேடினால் சொல் சிக்கவில்லையா?

மலையாளக் கோப்பில் 'அவன்' கண்ணெதிரே இருக்கும், தேடினால் வராது. காரணம் கடைசியில் உள்ள சில்லெழுத்து, அதாவது உயிரொலி சேராமல் தனித்து நிற்கும் மெய் (இங்கே 'ன்'). 2008இல் யூனிகோடு (கணினியில் எழுத்துகளுக்குக் குறி தரும் தரநிலை) 5.1 வரும்வரை அதை ந (மலையாளத்தில் ன-வுக்கும் இதே எழுத்து), சந்திரக்கலை (நம் புள்ளி போன்றது), கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என மூன்று குறிகளாகச் சேமித்தார்கள். அப்புறம் தனிக் குறியே வந்துவிட்டது. திரையில் இரண்டும் ஒன்றுதான். எண்ணினால் பழைய 'அவன்' ஐந்து குறி, புதியது மூன்று. ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் வழக்கமான இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. எனவே தேடும் முன் பழைய மூன்றையும் புதிய ஒன்றாக மாற்றிவிடுங்கள். ண, ர, ல, ள சில்லுகளுக்கும் இதே கதைதான். இணைப்பானை மட்டும் குப்பை என்று நீக்கிவிடாதீர்கள்: 'அவன்' என்பது 'அவனுக்கு' என்று பொருள்படும் சொல்லாகிவிடும்.