முனைவர் பட்டம் வாங்கிய கையோடு செய்யக்கூடாத சில தவறுகள்

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் கொஞ்ச நாள் நன்றாகத் தூங்குங்கள், தப்பில்லை. ஆனால் ஆய்வேட்டைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். பட்டம் வாங்கிய பிறகும் மாணவராகவே இருந்துவிடுவதுதான் பெரிய சிக்கல். அது முதலில் தெரிவது ஆய்வேட்டைக் கையாளும் விதத்தில்.

ஓர் அத்தியாயத்தை அப்படியே வெட்டி ஆய்விதழுக்கு அனுப்புவார்கள். அது திரும்பி வந்துவிடும். ஆய்வேடு தேர்வாளருக்காக எழுதியது. ‘இவ்வளவும் படித்திருக்கிறேன்’ என்று அவருக்குக் காட்டத்தான் முந்தைய ஆய்வுகளுக்கு நாற்பது பக்கம். கட்டுரையைப் படிப்பவருக்கு வேண்டியது ஒரு கேள்வி, அதன் விடை, அந்த விடையை ஏன் நம்பலாம் என்பது, அவ்வளவுதான். அந்த நாற்பது பக்கம் மூன்று பத்தியாகும். பழைய கோப்பில் வெட்டி ஒட்டாமல் புதுக் கோப்பில் தொடங்கினால் வேலை சீக்கிரம் முடியும்.

இதற்கிடையே ‘மதிப்புக்குரிய டாக்டர் அவர்களே’ என்று மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். ஒரே வாரத்தில் மதிப்பாய்வு, உடனே வெளியீடு என்பார்கள். கட்டணம் எவ்வளவு என்பதைக் கடைசியில்தான் சொல்வார்கள். இன்னொருவர் உங்கள் ஆய்வேட்டை அப்படியே புத்தகமாக்கித் தருவதாகச் சொல்வார். அழைப்பு உங்கள் துறையைச் சேர்ந்ததுதானா என்று பாருங்கள். அந்த இதழில் ஏற்கெனவே வந்த இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களுக்காக 2003 முதல் இயங்கும் டிஓஏஜே (DOAJ) பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். தரமில்லாத இதழில் ஒருமுறை வந்த கட்டுரையைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

அடுத்தது சின்ன விஷயம், ஆனால் பலர் மாட்டிக்கொள்வது: பல்கலைக்கழக மின்னஞ்சல். பட்டம் வாங்கிச் சில மாதங்களில் பல இடங்களில் அதை மூடிவிடுவார்கள். கட்டுரையில் தொடர்பு முகவரியாக அது இருக்கும், ஆய்விதழின் திருத்தக் கடிதமும் அங்கேதான் போகும். கணக்கு மூடுவதற்குள் முகவரியை மாற்றுங்கள். தரவுகளின் நகலை, எடுத்துச் செல்ல அனுமதி உள்ளவற்றை மட்டும், எடுத்துவையுங்கள். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) இல்லையென்றால் இன்றே பதிவு செய்யுங்கள். 16 இலக்கம், இலவசம், நிறுவனம் மாறினாலும் கூடவே வரும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரே கடிதத்தை எல்லா இடத்துக்கும் அனுப்பாதீர்கள். முன்பு அனுப்பிய துறையின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதோடு கதை முடிந்தது. பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளுக்கு முந்தின இரவு கேட்டால் யாரும் மனம்வைத்து எழுத மாட்டார்கள்.

நெறியாளர் விஷயம் கொஞ்சம் நாசூக்கானது. அவரோடு சேர்ந்தே எழுதிக்கொண்டிருந்தால் ‘இதில் உங்கள் யோசனை எது?’ என்ற கேள்வி நேர்முகத் தேர்வில் வரும். அதற்காக உறவை முறித்துக்கொள்ள வேண்டாம். இணைந்து எழுதுவதோடு அவர் பெயர் இல்லாத ஒரு வேலையையும் தொடங்குங்கள். அப்புறம், யாரோடு சேர்ந்து எழுதினாலும் ஆசிரியர் வரிசையைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

வேலை கிடைத்த முதல் ஆண்டில் எல்லாக் குழுக்களிலும் உங்கள் பெயரைச் சேர்ப்பார்கள். புதியவர், மறுக்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். ‘இந்தப் பருவத்தில் ஒரு குழு போதும்’ என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாடத் தயாரிப்புக்கும் ஓர் எல்லை வையுங்கள். எழுதுவதற்கென்று வாரத்தில் ஒரு காலைப் பொழுதைக் குறித்துவைத்து, அந்த நேரத்தில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வகுப்பு இருக்கிறது என்று சொல்வதுபோலவே வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள்.