தெருமுனைப் பூங்காவைப் பார்த்துக்கொள்ளக் கிளம்புகிறவர்களுக்கு

நாலு பேர் சேர்ந்து பூங்காவைச் சரிசெய்யலாம் என்று பேச ஆரம்பித்தாலே, அடுத்த வாரம் மரக்கன்று வாங்கப் போய்விடுவார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் புறநகரிலும் மனைப்பிரிவுகளுக்குள் இருக்கிற சின்னப் பூங்காக்களில் (பெரிய மனைப்பிரிவு போடும்போது சாலை போக 10 சதவீத இடத்தைத் திறந்தவெளிக்கு விடவேண்டும் என்ற விதியால் கிடைத்தவை, ஓஎஸ்ஆர் நிலம் என்பார்கள்) பெரும்பாலும் செடி நடாதது குறையே இல்லை, நட்டதற்கு யாரும் தண்ணீர் ஊற்றாததுதான் குறை.

முதலில் வார்டு அலுவலகத்துக்குப் போய், பூங்கா யார் பொறுப்பில் இருக்கிறது, பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம் என்று கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் உதவும். விளக்கு, மோட்டார், உடைந்த ஊஞ்சல், கழிவறை, பெரிய கிளை வெட்டுவது எல்லாம் மாநகராட்சியின் வேலை. அதை நாமே இழுத்துப் போட்டுக்கொண்டால் மூன்றே மாதத்தில் சலித்துவிடும். சென்னை மாநகராட்சியின் புகார் தொலைபேசி 1913-க்குச் சொல்லி, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள், கவுன்சிலரிடமோ பகுதி சபைக் கூட்டத்திலோ பேசும்போது அந்த எண் கையில் இருக்கட்டும்.

அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கிற தோட்டக்காரரையோ காவலாளியையோ மேற்பார்வை செய்ய வந்தவர்கள் மாதிரி நடந்துகொள்ளாதீர்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தக் குழாய் ஒழுகும், இரவில் யார் வந்து பாட்டில் உடைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், சொல்வார்.

வேலைக்கு ஞாயிறு காலை ஆறு மணி சரி. ஏழரைக்கு முடித்துவிடுங்கள், வெயில் ஏறிய பிறகும் பிடித்து வைத்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். மண்வெட்டி, களைக்கொத்து, ஈர்க்குமாறு, பாண்டு, பூவாளி, கையுறை போதும்.

இனி சருகு. அதைப் பெருக்கிக் குவித்துக் கொளுத்துவதை முதலில் நிறுத்த வேண்டும். மூலையில் மூங்கில் தட்டியோ கம்பி வலையோ கட்டி ஒரு மூன்றடிக் கூண்டு செய்து சருகைக் கொட்டுங்கள். மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு பச்சை இலை, வெட்டிய புல் என்று மாற்றி மாற்றிப் போட்டு, நடுநடுவே கொஞ்சம் சாணக் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் உரம். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும், நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகு சேருங்கள். வீட்டுச் சமையல் கழிவைப் போட ஒருவரை அனுமதித்தால் அப்புறம் தெருவே கொண்டுவந்து கொட்டும், எலியும் வரும். நான் வேண்டாம் என்பேன்.

களை எடுக்கும்போது கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்காதீர்கள். வேலியோரத்து எருக்கில்தான் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும், கறிவேப்பிலையில் வேறு சில. பார்த்தீனியத்தை மட்டும் பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டு வேரோடு எடுங்கள், சிலருக்கு அது தோல் அரிப்பும் இளைப்பும் கொண்டுவரும். கையோடு டயர், தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் டப்பா எதிலாவது தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துக் கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

கன்று நடுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த பிறகும் பூ அழகுக்காக, காற்றில் எளிதில் சாயும் குல்மோஹரைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்! புங்கன், மகிழம், வேம்பு, பூவரசு போதாதா? மஞ்சள் பூ வேண்டுமென்றால் சரக்கொன்றை இருக்கிறது. இரண்டடிக் குழி, மூங்கில் குச்சி, இறுக்காத சணல் கட்டு. மின்கம்பிக்கு நேர்கீழே வேண்டாம். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மட்டும் நடுங்கள், பத்துக் கன்றுக்குத்தான் ஆள் என்றால் பத்தோடு நிறுத்துங்கள்.

இவ்வளவு உழைத்தவர்களுக்கு ஒரு வியாதி வரும்: பூங்கா தங்களுடையது என்ற நினைப்பு. புல்லில் உட்காராதே, பந்து விளையாடாதே என்று பலகை முளைக்கும். பிள்ளைகளுக்கு மாலை ஒரு மணி நேரம் ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்து ரப்பர் பந்து மட்டும் என்றால் சண்டை பாதி குறையும். வேலை முடிந்ததும் யாராவது இட்லி கொண்டுவரட்டும், வாழையிலையில் வைத்துச் சாப்பிட்டால் இலையும் உரக்கூண்டுக்குப் போகும். மாலையில் சும்மா வந்து உட்காருங்கள், குப்பை எங்கே கிடக்கிறது என்று தேடாமல்.

வசூலித்த பணத்துக்கு மாதாமாதம் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள், ஐம்பது ரூபாயாக இருந்தாலும். கோடை விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டியதும் அப்போதுதான். எந்தக் கிழமை யார் ஊற்றுவது, குழாய்ச் சாவி யாரிடம் என்பதை ஏப்ரல் முதல் வாரமே எழுதி கேட்டில் ஒட்டிவிடுங்கள்.