தீவில் பாராகிளைடிங் குழு வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீவில் எல்லாமே ஒவ்வொன்றுதான். பறக்கத் தோதான குன்று ஒன்று, அதில் ஏறும் பாதை ஒன்று, இறங்க ஒரு கடற்கரை, அந்தக் குன்றுக்கு ஒரு சொந்தக்காரர், ஆபத்து என்றால் கிளம்பி வர ஒரு படகு. பெரிய நிலப்பரப்பில் ஓர் இடம் கைநழுவிப் போனால் அடுத்த பள்ளத்தாக்குக்கு வண்டியைத் திருப்பலாம். தீவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் கடல்தான் வரும். வேறு இடங்களில் சில்லறைத் தவறாகக் கழிந்துபோவது இங்கே மொத்தக் குழுவையும் தரையில் உட்கார வைத்துவிடும்.

நாங்கள் நான்கு பேராகத் தொடங்கி இப்போது இருபதைத் தாண்டிவிட்டோம். நடுவில் செய்த தவறுகளைத்தான் எழுதுகிறேன். சில எங்களுடையவை, சில பக்கத்திலிருந்து பார்த்தவை.

ஏறுமிடத்தை மட்டும் பார்ப்பது

புது இடம் தேடும்போது எல்லாருடைய கண்ணும் குன்றின் உச்சிக்குத்தான் போகும். புல் சரிவு, எதிரே திறந்த கடல், முகத்தில் காற்று. பார்த்தவுடன் விங்கை, அதாவது நம்மைத் தூக்கும் துணி இறக்கையை, விரிக்கத் தோன்றும். முதலில் பார்க்க வேண்டியது கீழே. 1978இல் பிரான்சின் மியூசி கிராமத்துக்கு மேலே, விமானச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்த மூன்று பாராசூட் வீரர்கள் மலைச்சரிவில் ஓடிக் கிளம்பினார்கள். இன்றைய பாராகிளைடிங் அங்கிருந்துதான் பரவியது. அவர்களில் ஒருவர் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே பள்ளத்தாக்கில் இருந்த கால்பந்து மைதானத்தில் போய் இறங்கினார். அவருக்கு ஒரு மைதானம் இருந்தது. நமக்கு இருப்பது தென்னைக்கும் அலைக்கும் நடுவில் ஒரு மணல் பட்டை.

அந்தப் பட்டை நாள் முழுக்க ஒரே அகலத்தில் இருக்காது என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கடல் வற்றிய ஒரு மதியத்தில் போய்ப் பார்த்து, ‘இரண்டு விங் பக்கத்தில் பக்கத்தில் இறங்கலாம்’ என்று முடிவு செய்தோம். இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்கு மேலே வந்து பார்த்தால் மணலைக் காணோம், அலை தென்னை வேரை நக்கிக்கொண்டிருந்தது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் இன்னும் மேலே ஏறும். இப்போது காற்று முன்னறிவிப்பைப் பார்ப்பதற்கு முன்பே கடலின் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துவிடுகிறோம். கடற்கரை இல்லாத நேரங்களுக்கு உள்ளே தள்ளி ஒரு வெட்டவெளி வேண்டும். அதற்கும் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அதைச் சுற்றி மின்கம்பி எங்கே போகிறது என்பது ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாகியிருக்க வேண்டும்.

நான்கு பேருக்குக் கேட்ட அனுமதியில் இருபது பேர் பறப்பது

குன்றின் சொந்தக்காரரிடம் தொடக்கத்தில் முறையாகப் போய்க் கேட்டோம். சந்தோஷமாகச் சம்மதித்தார். இரண்டு ஆண்டு கழித்து ஒரு காலையில் வாசல் படலில் சங்கிலி. என்ன ஆயிற்று என்று பதறிப்போய் வீட்டுக்குப் போனோம்.

“நாலு பேர்னு சொன்னீங்களே தம்பி. நான் நாலு பேருக்குத்தானே சரின்னேன்.”

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. அவர் கோபப்படக்கூட இல்லை, கணக்குத்தான் சொன்னார். பாதையை அடைத்து ஐந்து கார்கள், தலைக்கு மேலே நிழல் பறந்து மிரண்ட ஆடுகள், யாரோ திறந்துபோட்டுப் போன படல். எல்லாம் அவர் மனதில் வரிசையாக இருந்தது. குழு பெரிதாகும்போதெல்லாம் மறுபடி போய்ப் பேச வேண்டும். காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லதுதான், ஆனால் காகிதம் ஆட்டை அமைதிப்படுத்தாது. இப்போது மாதம் ஒருமுறை ஒருவர் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். பறப்பதைப் பற்றி அல்ல, பொதுவாக. வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒரே வண்டியில் ஏறுகிறோம்.

‘இங்கே தினமும் ஒரே காற்றுதான்’

வெப்பமண்டலத் தீவுகளில் வீசும் வியாபாரக் காற்று பெரும்பாலான நாட்களில் ஒரே திசையிலிருந்து வரும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வடகிழக்கிலிருந்து, தெற்கே தென்கிழக்கிலிருந்து. இந்த ஒழுங்குதான் ஆளை ஏமாற்றும். திசை மாறுவதில்லையே என்ற தைரியத்தில் வேகத்தை அளக்க மறந்துவிடுவோம். காலை எட்டு மணிக்கு மென்மையாக இருந்தது, பகலில் நிலம் சூடேறிக் கடற்காற்றும் அதே பக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டால், பதினொரு மணிக்கு வேறு காற்றாகியிருக்கும்.

கடலைப் பார்த்தே இதைச் சொல்லலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் போஃபோர்ட் என்ற காற்றுவேக அளவில் 3, அதாவது மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். கண் போகும் இடத்திலெல்லாம் அடிக்கடி நுரை உடைந்தால் 4. 20 முதல் 28. நிறைய வெள்ளை நுரையோடு கொஞ்சம் சாரலும் தெறித்தால் 5. 29 முதல் 38. சாதாரண விங், பிரேக்கிலிருந்து கைகளை முழுக்க விட்டால், மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். கடல் மட்டத்தில் 28 இருந்தால் குன்றின் உச்சியில் காற்று நெருக்கப்பட்டு இன்னும் வேகமாக ஓடும். முன்னே நகர முடியாமல் நின்ற இடத்திலேயே தொங்குவீர்கள். பின்னால் போகத் தொடங்கினால் உச்சியைத் தாண்டிய மறுபக்கம் வரும். அங்கே காற்று சுருண்டு கீழே விழும் ரோட்டர் இருக்கும், அது விங்கை மடக்கிப்போடும். எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஏறுமிடத்துக்கு வந்ததும் பையைத் திறக்காமல் பத்து நிமிடம் கடலைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் நுரை கூடுகிறதா குறைகிறதா என்பது காற்றுமானியில் ஒருமுறை பார்த்த எண்ணைவிட அதிகம் சொல்லும். புதிதாக வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, வேறொரு தீவைப் பார்த்து நகலெடுப்பது. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் பாராகிளைடிங்குக்குப் பேர்போன சான்-லோ இருப்பது மேற்குக் கரையில், அதாவது காற்று மறைவான பக்கத்தில். ‘அங்கே மறைவுப் பக்கத்தில் பறக்கிறார்களே, நாமும் பறக்கலாம்’ என்று ஒருவர் எங்களிடம் வாதாடினார். அந்தத் தீவின் நடுவே 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை நிற்கிறது. வியாபாரக் காற்றை அது தடுத்துவிடுவதால் மேற்கில் கடற்காற்று தனியாக எழுந்து வர முடிகிறது. எங்களுடையது முந்நூறு மீட்டர் மேடு. காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் குப்புற விழும்.

மழைத்திரை இன்னொன்று. தூரத்தில் கடல்மேல் சாம்பல் நிறத் திரை நகர்வது தெரியும், ‘வந்தால் இறங்கிக்கொள்ளலாம்’ என்று ஒருவர் இன்னொரு சுற்றுப் போவார். மழைக்கு முன்னால் காற்று வரும். திரை நம்மை நோக்கித் திரும்பியது தெரிந்த உடனே கீழே இருக்க வேண்டும்.

தண்ணீரை மெத்தை என்று நினைப்பது

‘கீழே கடல்தானே, விழுந்தாலும் அடிபடாது’ என்பது தொடக்கக்காரர்கள் எல்லாரும் சொல்லும் வசனம். ஆள் உட்காரும் ஹார்னஸின் முதுகுப் பக்கம் தடித்த ஃபோம் இருக்கிறது. தண்ணீரில் அது மேலே மிதக்கும், அதில் கட்டப்பட்டிருக்கும் ஆள் முகம் கவிழ்ந்து கீழே கிடப்பார். விங்குக்குள் தண்ணீர் புகுந்தால் அலை அதை இழுக்கும், அது உங்களை இழுக்கும், கயிறுகள் காலில் சுற்றும். நீச்சல் தெரிந்தவரும் இதில் மூழ்கலாம். உயரத்தைக் கணிப்பதும் கடினம்: நீர்ப்பரப்பில் அளவு பார்க்க மரமோ ஆளோ இல்லாததால், பத்து மீட்டரை ஒரு மீட்டர் என்று நினைத்துப் பக்கிளைக் கழற்றி நழுவியவர்கள் உண்டு.

அதனால் மிதவை ஜாக்கெட், கயிறு அறுக்கும் கத்தி, கரையில் எஞ்சின் ஓடும் நிலையில் ஒரு படகு, படகுக்காரரிடம் ஒரு வாக்கி-டாக்கி. படகுக்காரர் மீனுக்குப் போன நாளில் நாங்கள் பறப்பதில்லை. இதைக் கேட்டுச் சலித்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள், போகட்டும்.

நண்பனே ஆசிரியர் ஆவது

ஆள் சேர்க்கும் ஆசையில் நடக்கும் தவறு இது, என் கணக்கில் இருப்பதிலேயே பெரியது. இரண்டு ஆண்டு பறந்த ஒருவர் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பார். தம்பி ஆறு மாதத்தில் அவனுடைய நண்பனுக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் ஏதோ ஒன்று உதிரும். முதலில் உதிர்வது ‘எப்போது பறக்கக்கூடாது’ என்பதுதான், ஏனென்றால் அதைக் காட்டிக்கொடுக்க ஒரு மோசமான நாளில் குன்றின்மேல் நின்று திரும்பிவர வேண்டும். அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை.

தீவில் பயிற்சிப் பள்ளி இருக்காது என்பது உண்மை. வழி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரை இரண்டு மூன்று வாரம் வரவழைக்கலாம், செலவை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம். காலப்போக்கில் குழுவிலிருந்து இருவரை அனுப்பிப் பயிற்சியாளர் தகுதி வாங்க வைக்கலாம். இருவர், ஒருவர் அல்ல. அதுவரை புதியவர்கள் கடற்கரையில் கிரவுண்ட் ஹேண்ட்லிங், அதாவது தரையில் நின்றபடியே விங்கைக் கையாளுவது, பழகட்டும். கடலிலிருந்து நேராக வரும் காற்று சீராக இருக்கும், அதற்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது. நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும் நேரத்தில் மட்டும் விங்கைத் தொடக்கூடாது. முதல் விங் ஈஎன் என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தரவரிசையில் ஏ வகையாக, அதாவது மிகச் சாதுவானதாக, இருக்கட்டும். ‘பி வாங்கினால் சீக்கிரம் மாற்ற வேண்டியதில்லை’ என்று யாராவது சிக்கனம் பேசுவார்கள், கேட்க வேண்டாம்.

சிக்கனத்தின் இன்னொரு முகம், பழைய விங் கைமாறுவது. மூத்தவர் புதிது வாங்கியதும் பழையது இளையவருக்குப் போகும். அன்புதான், ஆனால் உப்பும் வெயிலும் அந்தத் துணியை என்ன செய்திருக்கின்றன என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நைலான் துணி வெயிலில் மெலிந்து காற்றைக் கசியவிடும். டைனீமா கயிறுகள் நாளடைவில் சுருங்கும். பாரம் குறைவாக ஏறும் பின்வரிசைக் கயிறுகள் அதிகம் சுருங்குவதால், விங் தானாகவே மெதுவாகி ஸ்டாலுக்கு, அதாவது வேகம் போதாமல் தூக்கும் விசையை இழக்கும் நிலைக்கு, நெருங்கிவிடும். ஓட்டுபவருக்கு ‘கொஞ்சம் மந்தமாக இருக்கிறது’ என்று மட்டும்தான் தோன்றும். கைமாறும் முன் ஒருமுறை சோதனைக்கு அனுப்பிவிட வேண்டும். கடலில் நனைந்த விங்கை அன்றே நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி நிழலில் உலர்த்த வேண்டும். முழுக்கக் காயாத துணியை மடித்தால், அடுத்த முறை விரிக்கும்போது உப்புத் துகள் விரலில் நறநறக்கும். ரிசர்வ் பாராசூட்டும் இந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைக் குழுவாக உட்கார்ந்து வெளியே எடுத்து, காற்றாட விட்டு, மறுபடி மடிப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

விருந்தாளிக்குத் தலையாட்டுவது

வெளியிலிருந்து வரும் பைலட் பெரும்பாலும் நம்மைவிட அனுபவசாலி. உயர்ந்த மலைகளில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்தவர். அவரிடம் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும். அவருக்குத் தெர்மல் என்ற மேலெழும் வெப்பக்காற்று தெரியும், நம் குன்றின் மதியம் தெரியாது. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் ஐபிபிஐ அட்டையில் திறமை ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதைக் கேட்டுப் பார்ப்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. அப்புறம், முதல் நாள் உள்ளூர் ஆள் ஒருவர் பறந்த பிறகே விருந்தாளி. சின்னக் குன்றில் எதிரெதிரே வந்தால் குன்று யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவர் நேராகப் போகலாம், மற்றவர் வெளியே ஒதுங்க வேண்டும் என்பதைத் தெரிந்தவரிடமும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

விமான நிலையம் இருக்கும் தீவில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லாமல் பறப்பதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஒரு விமானியின் புகார் போதும், மொத்த வானமும் மூடிவிடும்.

பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்கும் டாண்டம் பைலட்டுகள் வந்ததும் குழு இரண்டாகப் பிளப்பதைப் பார்த்திருக்கிறேன். காசு வாங்கியவருக்கு ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வது கஷ்டம். அவர்களை ஒதுக்காமல், அதே காற்று வரம்பை அவர்களுக்கும் எழுதி வைத்தோம். ஏறுமிடத்தில் காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட்சாக், பாதை பராமரிப்பு எல்லாவற்றுக்கும் அவர்கள் பங்கு கூடுதல். முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

எல்லாவற்றையும் ஒருவரே செய்வது

அந்த ஒருவர் நான். சொந்தக்காரரின் எண், படகுக்காரரின் எண், யார் விங் எப்போது சோதிக்கப்பட்டது என்ற கணக்கு, எல்லாம் என் செல்போனில் இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. பிறகு குடும்ப வேலையாக இரண்டு மாதம் வெளியே போக வேண்டி வந்தது. திரும்பி வந்து குன்றில் ஏறினால் கம்பத்தில் விண்ட்சாக்குக்குப் பதில் கிழிந்த ஆரஞ்சு நாடா ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இந்த உப்புக்காற்றில் ஒரு விண்ட்சாக் சில மாதம்தான் தாங்கும். அதற்குக் கீழே நின்றுதான் எல்லாரும் பறந்திருக்கிறார்கள். ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன்.

“அது நீங்க பண்றதுதானே அண்ணா.”

மாற்று விண்ட்சாக் இரண்டும் இப்போது எங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்த பெண்ணின் வீட்டில் இருக்கின்றன. படல் சாவியின் நகல் வேறொருவரிடம். படகுக்காரருக்கு என் குரல் மறந்தே போயிருக்கும்.