எதிர் வேட்பாளரைத் தாக்கி நோட்டீஸ் போடும் முன்

சட்டமன்றத் தேர்தலில் எதிராளியைத் தாக்கினால் அவர் ஓட்டு சரியலாம். சரிந்த ஓட்டு நமக்கே வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். மூன்றாமவருக்கோ நோட்டாவுக்கோ போகும், இல்லை வீட்டிலேயே தங்கிவிடும். அதனால் கையில் காகிதம் இல்லாத குற்றச்சாட்டை எழுதவே வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது, வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். போன தேர்தலில் கொடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "சொத்து மூன்று மடங்கு" என்று அச்சடித்த பிறகு பார்த்தால், வேளச்சேரியில் இருக்கும் அதே மனையின் சந்தை மதிப்புதான் ஏறியிருக்கும். சர்வே எண்ணை ஒப்பிட்டால் புதிதாக வாங்கியதா, பழையதா என்று தெரிந்துவிடும். நிலுவை வழக்கைத் தண்டனை போல எழுதுவது இன்னொரு தப்பு. வழக்கு எண், பிரிவு, நீதிமன்றம், இப்போதைய நிலை நான்கையும் போடுங்கள். மழைநீர் வடிகால் பணியைப் பற்றிக் கேட்கத் தகவல் உரிமை மனு போட்டால் பதிலுக்கு 30 நாள் கெடு. தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப் பயனில்லை.

ஒரு நோட்டீஸுக்கு ஒரே குற்றச்சாட்டு. பொதுவாழ்க்கையில் செய்ததும் செய்யாததும் மட்டும். குடும்பம், சாதி, மதம் பக்கம் போகாதீர்கள். வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4)-இன்படி ஊழல் நடவடிக்கை. முடிவு வந்த 45 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டு நிரூபித்தால், ஜெயித்த பதவியும் போகலாம்.

அச்சில் அதே சட்டத்தின் 127ஏ பிரிவை மறக்க வேண்டாம். அச்சகம், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் தாளிலேயே இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழி இரண்டு பிரதி அச்சகத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அச்சடித்தால் அச்சகத்தார் உறுதிமொழியோடு ஒரு பிரதியைத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மலிவு என்று சிவகாசிக்குப் போனால் அது விருதுநகர் ஆட்சியருக்கு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயரில்லாத மொட்டை நோட்டீஸ் சட்டத்துக்கு முன்பே தெருவில் தோற்றுவிடும்: "யார் போட்டது?" என்றுதான் டீக்கடையில் பேச்சு ஓடும், விஷயம் பேசப்படாது.

வாட்ஸ்அப் ஆடியோவும் அப்படியே. போலி வீடியோ தெரியவந்தால் 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024-இல் கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையம் சொல்லியிருக்கிறது.

தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கே, அதே தெருக்களில், அதே எழுத்து அளவில் திருத்தம் கொடுங்கள். உங்கள் மேல் பொய் வந்தால், அதைத் தலைப்பில் திரும்பச் சொல்லி விளம்பரம் செய்யாமல் ஆவணத்தின் நகலை முதலில் போட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் எழுதினால் போதும்.