சந்தைப் பெண்களோடு ஃபுன்மிலாயோவின் நினைவைப் போற்றுவது எப்படி?

நைஜீரியாவின் அபெயோகுட்டா நகரில் 1900 அக்டோபர் 25 அன்று பிறந்த ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி, இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய ஆசிரியை. படித்த பெண்களுக்கென்று அவர் நடத்திய சங்கம், அரிசி விற்ற பெண்களின் சரக்கை அதிகாரிகள் பறிப்பதை அறிந்தபின் சந்தைப் பெண்களின் சங்கமாகவே மாறியது. ஆகவே அவர் பிறந்தநாளைச் செட்டிநாட்டில் கொண்டாட விரும்புவோர் முதலில் அழைக்க வேண்டியவர்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்லர். வாரச் சந்தையில் கீரையும் கருவாடும் விற்கும் ஆச்சிமார்களே.

ஐப்பசி மழைக்காலமாதலால், பெரிய வீடொன்றின் முகப்பையோ வளவுத் தாழ்வாரத்தையோ உரிமையாளரின் இசைவோடு கேட்டுப் பெறலாம். அன்று சந்தை நாளாக இருந்தால் கூட்டத்தை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். ஒரு நாள் வருமானம் அவர்களுக்குச் சிறிதன்று. அத்தகைய வீட்டுக்குள் நுழையத் தயங்குவோர் இருப்பார்கள் என்பதால், அனைவருக்கும் ஒரே ஜமுக்காளத்தை விரித்து, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் நாற்காலி போடுங்கள். ஏழைப் பெண்கள் தம்மை வேறாகக் கருதாதிருக்க, ஃபுன்மிலாயோ ஆங்கிலேய உடையை விடுத்து, அவ்வூர் மக்களான யொரூபா இனத்தாரின் உடை உடுத்தி, யொரூபா மொழியிலேயே பேசினார்.

அவரைப் பாடகர் ஃபேலாவின் தாய் என்று மட்டும் அறிமுகப்படுத்துவது போதாது. ஆண்களைவிட இளம் வயதிலேயே பெண்களுக்கு வரி விதிக்கப்பட்டதையும், அதை எதிர்த்து 1947இல் ஆயிரக்கணக்கான பெண்கள் அபெயோகுட்டா அரசரின் அரண்மனை முன் திரண்டதையும், 1949இல் அந்த அரசர் அரியணையைத் துறக்க நேர்ந்ததையும் ஊர்ப்பேச்சில் சொல்லுங்கள். கால் மணி நேரம் போதும்.

மீதி நேரம் முழுவதையும் ரசீதுக்குக் கொடுங்கள், ஏனெனில் கூட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. நம் ஊர்களில் சந்தைக் கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விடுவது வழக்கம். கடந்த வாரம் செலுத்திய கட்டணத்தின் ரசீதைக் கொண்டுவரச் சொல்லி, தேதியையும் தொகையையும் கரும்பலகையில் பெரிதாக எழுதி, அவர்களையே வாசிக்கச் செய்யுங்கள். ரசீது தரப்படாதவர்கள் எத்தனை பேர் என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள். நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் தெரியாவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ மனு எழுதலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். மனுவில் வணிகப் பெண் ஒருவரே கையெழுத்திட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதத் தெரியாதவருக்காக வாரம் ஒரு மாலை வகுப்பைத் தொடங்குங்கள்; ஃபுன்மிலாயோவும் சந்தைப் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தினார்.

1977இல் மகன் ஃபேலாவின் வீட்டைத் தாக்கிய நைஜீரியப் படைவீரர்கள் அவரை மாடிச் சன்னலிலிருந்து வீசினர். 1978 ஏப்ரல் 13 அன்று அவர் காலமானார். சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் அந்நாளில் அதே ஜமுக்காளத்தில் மீண்டும் கூடி, மனுவுக்கு வந்த பதிலை வகுப்பில் படித்த ஆச்சி ஒருவர் உரக்க வாசிக்கட்டும்.